அப்பா எழுதாத கட்டுரைகள்

என் ஆராய்ச்சி மழையைப் பற்றியது. வெள்ளைக்காரன் காலத்தில் தாலுகா ஆபீஸ் வாசலில் மழைமானி வைத்திருப்பார்கள். தினமும் காலையில் ஒரு பியூன் போய் அளவைப் பார்த்துக் குறித்து வைப்பான். அந்தப் பியூன்கள் எப்படி அளந்தார்கள், எங்கே பொய் எழுதினார்கள், அந்தப் பொய்யை நம்பி விஞ்ஞானிகள் என்னென்ன முடிவுக்கு வந்தார்கள் என்று தோண்டுகிற வேலை. அறிவியல் வரலாறு என்று அதற்குப் பெயர். எனக்குச் செங்கல்பட்டில் கல்லூரி உத்தியோகம், செய்யூர்ப் பக்கம் சொந்த ஊர்.

ஊரில் அப்பா வேர்க்கடலை போட்டுக்கொண்டிருந்தார். நான் முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய் நின்ற அன்று, டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் கேட்டார்: "மழ பேஞ்சி நூறு வருசம் ஆச்சி. இப்ப போயி இன்னாத்த அளந்துகினு கீற? கடலைக்குத் தண்ணி இல்லாம காயுது, அத்த அளடா." கடை மொத்தமும் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வெளிநாட்டு ஆய்விதழ் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. அவர்கள் அனுப்பிய படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கேது குடும்பப் பெயர்? இனிஷியல்தான் உண்டு. சக ஆசிரியர் ஒருவரைக் கேட்டேன். "அப்பா பேரைப் போடுங்க சார், பாஸ்போர்ட்ல எல்லாரும் அப்படித்தான் போடறாங்க" என்றார். போட்டேன். பின்னால் வந்த மூன்று கட்டுரைகளுக்கும் அதையே போட்டேன்.

பேராசிரியர் பதவிக்கு மனுப் போட்டபோதுதான் வினை தெரிந்தது. நம் கட்டுரைகளை எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பட்டியல் கேட்டார்கள். கல்பாக்கத்தில் நூலக வேலையில் இருந்த சிநேகிதர் கம்ப்யூட்டரில் தேடி எடுத்துக் கொடுத்தார். என் பெயரில் ஒன்றுகூட இல்லை. அப்பா பெயரில் முப்பத்தொன்று. நான் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒற்றை எழுத்தாக ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கெங்கோ இருக்கிற பண்டிதர்கள் என் அப்பாவின் கருத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மட்டும் அவரைக் கடுமையாக மறுத்திருந்தார்.

தேர்வுக் குழுவில் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா நல்லா எழுதறாரே, பதவிய அவருக்கே குடுத்துடலாமா?" என்றார். அங்கேயும் சிரிப்பு. கடைசியில், இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று நான் ஒரு பிரமாணப் பத்திரம் தர வேண்டும், அப்பாவும் 'இவற்றை நான் எழுதவில்லை' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தால் போதும் என்று முடித்தார்கள்.

ஒரு வரி போதும் என்றுதான் சொன்னார்கள். நான்தான் அதோடு விடவில்லை.

அப்பாவின் கையெழுத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஒருமுறை கூட்டுறவுச் சொசைட்டியில் குமாஸ்தா அவருடைய கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்திவிட்டு, "வேட்டில தொடச்சுக்க" என்றானாம். அன்றைக்கே என் சிலேட்டைப் பிடுங்கிக்கொண்டார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அவர் பெயரை நான் எழுதிக் காட்ட வேண்டும், அதன் மேலேயே அவர் எழுதிப் பழகுவார். எழுத்து கோணினால் எனக்கு அறை விழும். ஒரு மாதம் வாங்கினேன். அதற்குப் பிறகு எந்த ஆபீஸிலும் அவர் விரலில் மை பட்டதில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, நாலு பேர் பார்க்கிற மாதிரி நிதானமாகப் போடுவார்.

செங்கல்பட்டு கோர்ட்டுக்கு எதிரே இருந்த நோட்டரி வக்கீலிடம் பத்திரத்தின் வாசகத்தை நான்தான் எழுதிக் கொடுத்தேன். 'நான் எழுத்தறிவு இல்லாதவன். எனக்கு எழுதவோ படிக்கவோ தெரியாது. இந்தக் கட்டுரைகளை நான் எழுதவில்லை.' அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, பாக்கெட்டில் பேனா செருகிக்கொண்டு வந்திருந்தார். வக்கீல் சத்தமாகப் படித்துக் காட்டினார். அப்பா பேனாவை எடுத்தார்.

"கையெழுத்துப் போடுவாரா? அப்ப போடட்டும் சார். அந்த ரெண்டு வரிய அடிச்சிடலாம்" என்றார் வக்கீல்.

"வேணாம் சார், கைநாட்டே இருக்கட்டும். அதுதான் பலம்" என்றேன்.

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்கு டீக்கடை ஞாபகம் வந்ததோ என்னவோ, எனக்கு வந்தது. ஸ்டாம்ப் பேடை அவர் பக்கம் தள்ளி, கட்டைவிரலை நானே பிடித்து அழுத்தினேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை இனிமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது?

"போதுமாடா?" என்றார்.

பதவி கிடைத்தது. அதற்குப் பிறகு கட்டுரைகளை என் பெயரிலேயே வெளியிட்டேன். அவற்றை இன்றுவரை ஒருவரும் சீந்தவில்லை. அப்பா பெயரில் மட்டும் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து, விதைக்கடலை வாங்க அவரை அதே சொசைட்டிக்கு அழைத்துப் போனேன். அங்கே வேலை பார்த்த பெண் பேனாவை நீட்டினாள். அப்பா அதை வாங்காமல் கட்டைவிரலை நீட்டினார்.

"நீங்க கையெழுத்துதானே போடுவீங்க, தாத்தா?" என்றாள்.

"இல்லம்மா, எனக்கு எழுதத் தெரியாது. தோ நிக்கிறானே எம் புள்ள, ப்ரொபசரு. அவனே கோர்ட்டாண்ட எழுதிக் குடுத்துகீறான். படிச்சவன் தப்பா எழுதுவானா?"

அவள் ஸ்டாம்ப் பேடைத் தேடி எடுத்து வைத்தாள். அவர் விரலை அழுத்தி எடுத்து, மையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.