தந்தை இறந்த தேதிக்குப் பிறகு

புதுக்கோட்டையில் நானும் நண்பர் ஒருவரும் சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். அதற்கு முன்பு பத்திரிகையில் இருந்தேன். அங்கே ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கேட்டுச் சரிபார்ப்பேன். இங்கேயும் ஏறக்குறைய அதே வேலைதான். அரிசி ஆலை, தனியார் பள்ளி, கடற்கரைப் பக்கத்து ஐஸ் பேக்டரி என்று வந்த வாடிக்கையாளர்களுக்கு நடுவே ஒருநாள் திருமயம் பக்கத்திலிருந்து நகரத்தார் சங்கம் ஒன்றின் செயலாளர் வந்தார். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். ஊரிலுள்ள குடும்பங்களுக்கெல்லாம் ஒரு டேட்டாபேஸ் வேண்டும் என்றார். வீடுகள் ஊரிலும் ஆட்கள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருந்ததால் போனிலேயே பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் நிபந்தனை.

"எத்தனை பேர் சார் இருப்பாங்க?" என்று கேட்டேன்.

"பேர்னு கேக்காதீங்க தம்பி. புள்ளின்னு கேளுங்க."

கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. கல்யாணம் ஆகாதவர் என்ன வயதானாலும் கணக்கில் இல்லை. தம்பதியில் ஒருவர் இறந்தால் மற்றவர் அரைப் புள்ளி.

"அரையை எப்படி எண்றது?"

"அரையாத்தான். நீங்க பாட்டுக்கு முழுசாக்கிட்டீங்கன்னா எனக்குத்தான் அடி விழும்."

மனிதர்களை எண்ணும் கட்டத்தில் தசமப் புள்ளிக்கு இடம் விட்டது எங்களுக்கு அதுதான் முதல்முறை. நண்பர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் குலக்கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். மாப்பிள்ளை எந்த வீட்டுப் பிள்ளையோ அந்த வீட்டின் பெயரில் மாலை போகும். அது வந்தால்தான் புதுத் தம்பதி ஒரு புள்ளியாக ஏறும். வரும் தை மாதத்திலிருந்து மாலைக்கான சீட்டு கம்ப்யூட்டரிலிருந்து மட்டுமே தரப்படும் என்று சங்கம் முடிவு செய்திருந்தது. அதனால் மார்கழிக்குள் சோதனை முடிய வேண்டும்.

பழைய பதிவுகளைத் தட்டச்சு செய்து ஏற்றிய மறுநாள், சங்கக் கட்டடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பு வரிகள் நிறைய வந்தன. பெரும்பாலானவை தட்டச்சுப் பிழைகள். தாத்தாவைவிடப் பேரன் மூத்தவனாக இருந்தான். ஒருவருக்கு அவரே மாமனாராக இருந்தார். திருத்திக்கொண்டே வந்தேன். ஒரு வரியை மட்டும் எப்படிப் பார்த்தாலும் தட்டச்சுப் பிழை என்று சொல்ல முடியவில்லை. ஒருவர் பல வருடங்களுக்கு முன்பே இறந்திருந்தார். அவருக்குப் போன ஆவணியில் ஒரு மகன் சேர்ந்திருந்தான். மகனுக்குக் கல்யாண வயது.

தந்தை இறந்து பத்து மாதத்துக்குப் பிறகு மகன் சேர முடியாது என்பது எங்கள் விதி. அந்தப் பத்து மாதத்தை யோசித்துச் சேர்த்தவர் நண்பர். அதில் அவருக்குப் பெருமை உண்டு.

செயலாளரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, "இதுல என்ன தப்பு?" என்றார்.

"அப்பா இறந்தப்புறம் எப்படி சார் மகன் வருவார்?"

"பிள்ளை கூட்டியிருக்காக. ஆம்பளப் பிள்ளை இல்லாம அவரு போயிட்டாரு. அந்த வீடு நிக்கணும்ல?"

தத்தெடுத்தல் எனக்குப் புதிதல்ல. ஆனால் தத்தெடுப்பவர் உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்பது புதிது. அவர் எந்தக் காலத்தில் வேண்டுமானாலும் தந்தையாகலாம்.

இறந்தவரின் மனைவியான ஆச்சிக்கு எப்படியோ விஷயம் எட்டிவிட்டது. மதியம் சங்கத்துக்கு வந்துவிட்டார். தை மாதம்தான் பையனுக்குக் கல்யாணம். உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல் லேப்டாப்புக்குப் பின்னால் வந்து நின்றார்.

"எம் பிள்ளைய இது ஏத்துக்க மாட்டேங்குதாமே?"

"விதியை மாத்திட்டேன் ஆச்சி. இப்பப் பாருங்க."

விதியைத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டினேன். இம்முறை வேறொரு எச்சரிக்கை வந்தது. ஒரே ஆள் இரண்டு வீடுகளில் இருக்கிறார், ஒன்றாக இணைக்கவா என்று கேட்டது. இணைத்தால் பழைய பதிவு நிற்கும், புதியது அழியும். பழையது அவன் பிறந்த வீடு. அந்த வீட்டு முகவரியைப் பார்த்தேன். ஆச்சி வீட்டு முகவரியேதான்.

"அது எங் கொழுந்தன் வீடு" என்றார் ஆச்சி. "ஒரே வீடுதான். இங்கிட்டு எங்க பக்கம், அங்கிட்டு அவுக பக்கம். நடுவுல முத்தம்."

"அப்ப முற்றத்தைத் தாண்டி வந்தாரா?"

"படுக்குற கட்டிலு அங்கிட்டேதான் கெடக்கு. மொறைக்குப் பிள்ளை இங்கிட்டு."

செயலாளர் சிரித்தார். ஆச்சி சிரிக்கவில்லை. அவர் கண் திரையிலேயே இருந்தது.

"இது அங்கிட்டே வச்சுக்கிருச்சுன்னா?"

"அப்ப மாலை ஒங்க கொழுந்தன் வீட்டுப் பேர்ல போகும் ஆச்சி" என்றார் செயலாளர்.

"எங்க வீடு?"

கணக்கு எனக்கே தெரிந்தது. அந்த வீட்டில் இருந்தது ஓர் அரைப் புள்ளி. ஆச்சிக்குப் பிறகு அதுவும் இல்லை.

அவன் பிறந்த வீட்டுப் பதிவை அழித்துவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார் செயலாளர். நடந்தது நடந்ததாக இருக்க வேண்டும், ஆனால் எண்ணும்போது வரக்கூடாது. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கும் என்று கேட்டேன்.

"எங்க எல்லாருக்கும் ரெண்டும் தெரியும் தம்பி. கம்ப்யூட்டருக்கு ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

நண்பரிடம் போனில் பேசி, 'விட்ட வீடு', 'கூட்டிய வீடு' என்று இரண்டு கட்டங்கள் சேர்த்தோம். விட்ட வீட்டில் பெயர் மங்கலாகத் தெரியும்; கணக்கில் சேராது. சோதனைக்காக ஒரு கல்யாணத்தைப் பதிந்து சீட்டு எடுத்தேன். இறந்தவர் பெயருக்குக் கீழே 'மகன்' என்று போட்டு, பையனின் பெயர் வந்தது. அந்த வீட்டுக் கணக்கு ஒன்றரை ஆனது.

"அங்கிட்டுத் தேடிப் பாருங்க" என்றார் ஆச்சி.

கொழுந்தன் வீட்டைத் திறந்து எண்ணிக் காட்டினேன். அவன் சேரவில்லை. இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

"பிள்ளைக்குச் சொல்லிருவோம். கண்ணாடி கொண்டாரல, அவன் நம்பரை எடுத்துக் குடுங்க."

பையனின் பெயரைச் சொல்லித் தேடினால் வரவில்லை. 'கொழுந்தன் மகன்' என்று இருக்கும் என்றார். இருந்தது.

பேசி முடித்ததும் கேட்டேன். "இதுலயும் மாத்திரவா ஆச்சி? மகன்னு போட்டுரவா?"

போனை என்னிடம் நீட்டினார்.

"வேணாம். எம் போன அவளும் எடுத்துப் பேசுவா. பேர மட்டும் போடுங்க."

அவள் என்றது பையனைப் பெற்றவளை. பெயரை மட்டும் போட்டுக் கொடுத்தேன்.