தேதி இல்லாத டாங்கி

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பச்சை டாங்கியின் மேல் துருவைத் தீட்டினால், தீட்டிய இடமே என் கண்ணில் படாது. அப்படிப்பட்டவன், ஓய்வு பெற்ற பிறகு, கையகல பிளாஸ்டிக் ராணுவ வண்டிகளை ஒட்டி, வண்ணம் அடித்து, வெயிலிலும் சேற்றிலும் கிடந்ததுபோல் பழசாக்கும் வேலையில் இறங்கியது என் மனைவியை நம்பித்தான்.

ஒரு டாங்கி எந்த ஆண்டு எந்தப் போர்முனையில் நின்றது என்று புத்தகங்களில் தேடி எடுப்பது என் வேலை. துரு நிறத்தைக் குழைத்துக் கொடுப்பதும், நான் வைத்த புள்ளிகளைப் பார்த்துச் சொல்வதும் அவள் வேலை. லேசில் விடமாட்டாள்.

"துரு என்ன மழையா, மேலேருந்து பெய்யிறதுக்கு? தண்ணி தங்குற எடத்துலதாங்க புடிக்கும். நம்ம வாய்க்கால் ஷட்டரப் போயி ஒரு தடவ பாத்துட்டு வாங்க."

"பாத்தாலும் எனக்குத் தெரியாதேடி."

"அப்ப நான் சொல்றதக் கேளுங்க."

அவள் வாயிலிருந்து "சரி" என்று வர வாரக்கணக்கில் ஆகும். வந்த அன்றைக்கே வண்டியின் அடிப்பக்கத்தில் தேதி எழுதிவிடுவேன். அலமாரியில் இருக்கும் அத்தனை வண்டிக்கும் அப்படி ஒரு தேதி உண்டு.

ஐப்பசியில், தீபாவளிக்கு முந்தின வாரம், அவளுக்குப் பக்கவாதம் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை விழுந்திருந்தது. பேச்சு இல்லை. பொங்கலன்று முதல் சொல் வந்தது: "சரி." அன்று நான் அழுதேன். மேசையில் பாதியில் நின்ற டாங்கியை முடித்து அவளிடம் காட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. அதைப் பார்த்து அவள் குறை சொன்னால், பழைய ஆள் உள்ளே இருக்கிறாள் என்று அர்த்தம்.

துருவை நானே குழைத்து வைத்தேன். அறுவடை முடிந்து பூதலூரிலிருந்து அவள் தம்பி வந்திருந்தான்.

"என்ன அத்தான், மாசி மாசத்துல ஆயுத பூஜையா? டாங்கி பூரா குங்குமத்த அப்பி வச்சிருக்கீங்க!"

நானும் சிரித்தேன். அவன் குரலைத் தணித்து, "நான் வேணா கூட இருந்து பாத்துச் சொல்லவா?" என்றான்.

"வேணாம்ப்பா. உங்கக்கா சொல்லட்டும்."

அவன் போனதும் தின்னரால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மறுபடி தொடங்கினேன். தண்ணீர் தங்கும் இடங்களாக யோசித்து யோசித்து, கீல்களிலும் போல்ட்டுகளின் அடியிலும் மட்டும் வைத்தேன். காய்ந்த பிறகு, ஜன்னல் வெளிச்சத்தில், அவள் கட்டிலருகே கொண்டுபோய்ப் பிடித்தேன். வெகுநேரம் பார்த்தாள்.

"சரி."

பேனாவைத் திறந்தேன். எழுதக் கை வரவில்லை. உள்ளே போய், பெட்டியிலிருந்து இன்னும் வண்ணமே அடிக்காத ஒரு வண்டியை எடுத்துவந்தேன்.

"இது?"

"சரி."

வெறும் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். அதையும் அதே கவனத்தோடு பார்த்தாள்.

"சரி."

டாங்கியை அலமாரியில் வைத்துவிட்டேன். என் கண்ணுக்கு அது முழுக்க ஒரே நிறம். அதன் மேல் இருப்பது துருவா குங்குமமா, எனக்குத் தெரியாது. அடியில் தேதி எழுதவில்லை.