பாதி மாத்திரை

"அப்பாவுக்கு மாதிரி எனக்கும் பாதிதானாம்மா?"

போன வாரம் என் மகள் இப்படிக் கேட்டாள். அவளுக்குக் காய்ச்சல். ஏழு வயதுக்குப் பாதி மாத்திரை போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காய்கறிக் கத்தியை வைத்து அழுத்தினேன். டக்கென்று இரண்டானது. லீவு நாட்களில் கேட்ட அந்தச் சத்தம் அவளுக்கு நினைவிருந்திருக்கிறது. "முழுங்கிட்டுத் தூங்குடி" என்று மட்டும் சொன்னேன்.

மருந்துச் சீட்டை மூன்று முறை படித்துவிட்டு, நான்காவது முறை கடைக்காரரைப் படிக்கச் சொல்கிறவள் நான். எம்.எஸ்சி. வேதியியல் வேறு. திருக்கழுக்குன்றத்து மருந்துக்கடையில் என்னைக் கண்டாலே மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நான்தான் என் கணவருக்கு அளவைக் குறைத்தேன்.

அவர் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்கு ஷட்டில் பஸ் ஓட்டினார். பஸ்ஸில் மாட்டியிருந்த எலுமிச்சை வாசனை டப்பியின் மணம் அவர் சட்டையிலும் ஒட்டிக்கொண்டு வீடுவரை வரும். வயிற்றில் தொடங்கிய புற்று முதுகெலும்புக்கு வந்தபின், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வந்த நர்ஸம்மா மார்ஃபின் மாத்திரையைக் கையில் கொடுத்து, "நாலு மணி நேரத்துக்கு ஒண்ணு. வலி வந்தப்புறம் குடுக்காத, வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடணும். இன்னா, புரிஞ்சுதா?" என்றார். புரிந்தது. எழுதியும் வைத்தேன்.

சிக்கல் மதியம் இரண்டு மணி மாத்திரையில் வந்தது. அதைப் போட்டால் தூங்கிவிடுவார். நாலு மணிக்குப் பள்ளிவிட்டு வரும் மகள் அந்தத் தூங்கும் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "பாதி போதும்டி. பாப்பா வந்து நின்னுகினே கீது, பாவம்."

அன்றுதான் முதன்முதலாகக் கத்தியை எடுத்தேன்.

அதிலிருந்து நாலு மணிக்குக் கட்டில் பஸ்ஸாகும். "இன்னா மேடம், ஐடி கார்டு எங்க? மாட்டிகினு ஏறு" என்பார். அவள் பள்ளி அட்டையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கால்மாட்டில் ஏறி உட்காருவாள். பூஞ்சேரி, பையனூர், ஆலத்தூர் என்று கூவிக்கொண்டே போவார். திருப்போரூர் தாண்டியதும் எந்த ரோட்டிலும் இல்லாத ஸ்டாப்புகள் வரும். தினம் ஒன்று புதிது. "டிரைவரே, மெதுவா போங்க, வுழுந்துடப் போறேன்" என்று அவள் கத்துவாள். நான் அடுப்படியில் இருந்துவிடுவேன். வேலை ஒன்றும் இருக்காது. ஒரு ஸ்டாப்புக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் அவர் பல்லைக் கடிப்பதைப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

"நேரத்துக்குக் குடுக்கறியாம்மா?" என்று நர்ஸம்மா கேட்டார். "குடுக்கறேன்" என்றேன். நேரத்துக்குத்தான் கொடுத்தேன். அளவை அவர் கேட்கவில்லை.

முதல் நாள் பாதி கேட்டது என் கணவர்தான். பிறகு ஒருநாளும் நான் அவரைக் கேட்டதில்லை. ஒரு மதியம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு முழுசா குடேன்" என்றார்.

"பாப்பா வந்துடட்டுமே."

கையை விட்டுவிட்டார். அன்றும் பஸ் கிளம்பியது. திருப்போரூரோடு நின்றது. "வண்டி மக்கர் பண்ணுது மேடம். எறங்கி நடந்து போ" என்றார். மறுநாள் அவருக்குப் பேச்சு வரவில்லை. அப்புறம் முழு மாத்திரையையே கரைத்து ஊற்றினேன். ஐந்தாம் நாள் போய்விட்டார்.

மகளுக்காகத்தான் செய்தேனா, அந்தக் குரல் இல்லாத வீட்டுக்குப் பயந்து எனக்காகச் செய்தேனா, தெரியவில்லை.

வாடகைக் கட்டிலைத் திரும்ப எடுத்துப் போய்விட்டார்கள். சட்டையில் எலுமிச்சை வாசனை போய்விட்டது. பூஞ்சேரியும் பையனூரும் இருக்கின்றன. அவராகச் சேர்த்த ஸ்டாப்புகளில் ஒன்றுகூட அடுப்படியில் நின்ற எனக்குத் தெரியாது. மகளைக் கேட்டால், அவளும் திருப்போரூரோடு நின்றுவிடுகிறாள்.

ஆனால் அந்தக் கேள்வியை மறுபடி கேட்பாள். ஏன் பாதி என்பாள். உனக்காக என்றால், அந்த வலியைத் தூக்கி அவள் தலையில் வைத்ததாகிவிடும். அப்பாவே கேட்டார் என்றால், அது ஒருநாள் உண்மை மட்டும்தான். வீட்டில் இப்படி ஒருவரைப் பார்த்துக்கொண்டவர்கள் இதைப் படித்தால், தயவுசெய்து எழுதுங்கள். அவளுக்கு நான் என்ன சொல்லட்டும்?