தறப்பாள் போடாத கூரை

அந்த வருடம் எனக்கு முப்பத்தொரு வயது. கலியாணம் ஆகவில்லை. எரிச்சல் நிறைய இருந்தது, காரணமும் இருந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த நகரத்தில் ரெக்ஸ்டேல் பக்கம் இருந்த ஒருவரை எனக்குப் பேசியிருந்தார்கள். இரண்டு தடவை நேரில் கண்டோம், பிறகு தொலைபேசியில் கதைத்தோம். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது, இதில் மறைக்க என்ன இருக்கிறது? அவர்கள் வீடும் கேட்கவில்லை, நகையும் கேட்கவில்லை. மறித்துக்கொண்டு நின்றது என் அண்ணன்தான்.

“சொந்த வீட்டு வாசலிலை வாழை கட்டாமல் உன்னை அனுப்பமாட்டன். சனம் என்ன சொல்லும்?” என்பார். மார்க்கம் என்ற ஊரில் வீடு வாங்கிய பிறகுதான் கலியாணமாம். நாங்களோ வோபர்னில் ஒரு அப்பார்ட்மென்டில் இருந்தோம். அண்ணன், அண்ணி, பிள்ளைகள் எல்லாரும் அறைகளில், நான் ஹோலில் சோஃபாவில். மாப்பிள்ளையின் தாய் பொறுமையானவர்தான். ஆனாலும் கடைசியாகக் கதைத்தபோது, தைக்குள் ஒரு முடிவு சொல்லுங்கோ, இல்லாவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்க்கவேண்டி வரும் என்று சொல்லிவிட்டார். அதற்கும் அண்ணன் “பாப்பம்” என்றார். அந்தப் “பாப்பம்” காதில் விழுந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போது நான் பாதர்ஸ்ட் தெருப் பக்கம், வயதான யூதத் தம்பதி ஒன்றின் வீட்டில் வேலை செய்தேன். சமையலுக்கு உதவ வேண்டும், கிழவியைக் குளிக்க வார்க்க வேண்டும். கிழவர், கிழவி என்று நான் சொல்வது மரியாதைக் குறைவால் அல்ல. எங்கள் வீட்டில் அவர்களுக்கு அதுதான் பெயர். இலையுதிர் காலத்தில் அவர்களுக்கு ஒரு பண்டிகை வரும். பின்வளவில் ஒரு குடில் கட்டி, ஒரு வாரம் சாப்பாடெல்லாம் அதற்குள்தான். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த முன்னோர்கள் பாலைவனத்தில் குடில்களில் இருந்ததன் நினைவு அது. வழக்கமாகக் கிழவரே கட்டுவார். அந்த வருடம் அவருக்குத் தோள்மூட்டு ஏலாமல் போய்விட்டது. என் அண்ணன் நன்றாகக் கைவேலை செய்வார் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

பண்டிகைக்கு முந்திய ஞாயிறு அண்ணன் வந்தார். கராஜில் இருந்த பலகைகளைச் சுவராக நிறுத்தினார். மேலே மூங்கில் கழிகளைப் பரப்பி, வேலியில் வெட்டிய மரக்கிளைகளை அதன்மேல் போட்டார். கிழவர் மருந்து குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, காரிலிருந்து ஒரு நீலத் தறப்பாளை, மழை புகாத பிளாஸ்டிக் விரிப்பை, எடுத்து வந்து கூரைக்கு மேலே இழுத்து, நாலு மூலையிலும் கயிறு போட்டு இறுக்கிவிட்டார். யாரும் கேட்கவில்லை. தானே வாங்கி வந்த புதுத் தறப்பாள். ஊரில் யுத்தத்தால் இடம்பெயர்ந்து போய், ஒரு மாரி முழுக்க ஒழுகும் கொட்டிலில் பிள்ளைகளோடு கிடந்த மனிதர் அவர். வயதுபோன இரண்டு பேரின் தலையில் மழை விழ விடுவாரா?

கிழவர் வெளியே வந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது. “கழற்று அதை!” என்று ஆங்கிலத்தில் கத்தினார். கூரை மண்ணில் முளைத்ததாக இருக்க வேண்டுமாம். உள்ளே இருந்து பார்த்தால் நட்சத்திரம் தெரிய வேண்டுமாம். மழை வந்தால் உள்ளே விழ வேண்டுமாம். இல்லாவிட்டால் அது பண்டிகைக் குடிலே அல்ல, இரண்டாவது கராஜ் என்றார். அவர் கத்திய வேகத்தில் அண்ணனுக்குப் பாதி விளங்கவில்லை. நான் தமிழில் சொன்னேன்.

“உந்தாளுக்கு என்ன விசரே? ஒழுகிறதுக்கெண்டு ஆரும் கூரை போடுவினமே?”

“அது அவையின்ரை முறை, அண்ணை. கழட்டுங்கோ.”

கழற்றினார். தறப்பாளைச் சுருட்டிக் காருக்குள் எறிந்துவிட்டு, கதவை அடித்துச் சாத்தினார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

பண்டிகைக்கு நடுவில் ஒரு மத்தியானம், நான் குடிலுக்குள் சூப் கொண்டுபோனேன். வெளியே தூறல். இரண்டு பேரும் குளிர்கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் நல்ல விரிப்பு, வெள்ளிக் கரண்டிகள். கிளையிலிருந்து ஒரு சொட்டு நேரே கிழவரின் சூப்பில் விழுந்தது. “உப்புக் கூடிவிட்டது என்று குறை சொன்னாயே, வானம் தண்ணீர் விடுகிறது, குடி!” என்றார் கிழவி. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மழை வலுத்தால் உள்ளே போகலாமாம், அதற்குத் தடை இல்லையாம். தூறலுக்கே ஏன் ஓடவேண்டும் என்பது அவர்களின் கதை.

நான் சும்மா இருக்கமாட்டாமல் கேட்டேன். பிறகு உங்களுக்கு நாடு கிடைத்தது, வீடு கட்டினீர்கள், அதை விட்டுவிட்டு ஏன் இந்தக் கொட்டிலைக் கொண்டாடுகிறீர்கள்?

கிழவி கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: “வழியில் இருந்தபோதும் எங்கள் ஆட்கள் சாப்பிட்டார்கள், கலியாணம் செய்தார்கள், பிள்ளை பெற்றார்கள். வீடு வரட்டும் என்று காத்திருந்தால் இன்றைக்கு நாங்கள் ஒருவருமே பிறந்திருக்கமாட்டோம்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு சூப் பாத்திரத்தோடு உள்ளே போனேன். அவர்கள் ஒரு வாரத்தில் அந்தக் குடிலைப் பிரித்து கராஜில் போட்டுவிடுவார்கள். என் சீவியமோ வருடம் முழுவதும் குடில்தான். அதற்குள் சந்தோஷமாக இருப்பதை மட்டும் நான் ஏன் மார்க்கத்துக்கு ஒத்திப்போட வேண்டும்? பஸ்ஸில் வரும்போதே முடிவு எடுத்துவிட்டேன்.

புதுவீட்டுக்கென்று அண்ணி வாங்கிய பீங்கான் சாப்பாட்டுக் கோப்பைகள் பெட்டியோடு கட்டிலுக்குக் கீழே கிடந்தன. வந்ததும் வராததுமாக அதை இழுத்தெடுத்து ஒட்டியிருந்த டேப்பைக் கிழித்தேன்.

“ஐயோ, உன்ரை அண்ணை ஏசப்போறார்!” என்றார் அண்ணி.

“ஏசட்டும். இதிலை சாப்பாட்டைப் போடுங்கோ, அண்ணி.”

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும்தான். நான் ஒரு நல்ல சேலையும் உடுத்துக்கொண்டேன். “இண்டைக்கு ஆருக்கு பேர்த்டே?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். ஒருவருக்கும் இல்லை, இன்றைக்குப் புதன்கிழமை என்றேன்.

அண்ணன் வேலை முடிந்து வந்தார். மேசையைப் பார்த்தார். “ஆர் பெட்டியை உடைச்சது?”

“நான்தான்.”

“உது புதுவீட்டுக்கு வைச்சதல்லோ!”

“இதுவும் வீடுதான், அண்ணை. ஒழுகிற கொட்டிலுக்கை இருக்கேக்கை நீங்கள் பிள்ளையளுக்குச் சோறு குழைச்சுத் தீத்தேல்லையே? சிரிப்புக் காட்டேல்லையே? எனக்குத் தையிலை கலியாணம். கீழை இருக்கிற பார்ட்டி ரூமிலை. நீங்கள் முன்னுக்கு நிண்டு செய்தால் எனக்குப் பெரிய சந்தோஷம். நிக்காட்டிலும் செய்வன்.”

சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லிவிட்டேன். அண்ணன் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். புட்டைத் தொடவில்லை.

“அந்தக் கிழவன் தூறலுக்கையும் அதுக்குள்ளை இருந்துதான் சாப்பிட்டவரோ?”

“ஓம். அவவும்தான். சிரிச்சுச் சிரிச்சு.”

அண்ணன் எழுந்து தொலைபேசியை எடுத்து ரெக்ஸ்டேலுக்கு அடித்தார். சுகம் விசாரித்து, காலநிலை கதைத்து, சுற்றி வளைத்துத்தான் அவர் எப்போதும் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு அது ஒன்றும் இல்லை.

“எங்களிட்டை வீடு இன்னும் இல்லை. தங்கச்சி இருக்கிறா. எப்ப வாறியள்?”