நேராக நின்ற நான்கு திருகாணிகள்

அந்தத் தச்சருக்குத் தொழிலில் ஒரு கிறுக்கு உண்டு. திருகாணியின் தலையில் ஒரு கோடு வெட்டியிருக்கும் அல்லவா, அவர் முடுக்கி முடித்தால் எல்லாக் கோடுகளும் ஒன்றுபோல, செங்குத்தாக நிற்கும். கால் சுற்று கூடிவிட்டாலும் கழற்றி மறுபடி முடுக்குவார். பட்டறையில் அவருக்கு 'நேர்கோடு' என்றே பெயர். யார் இதையெல்லாம் பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டால், "நான் பாக்குறேனே" என்பார். அந்தப் பெருமையே அவருக்கு வினையாக வந்தது.

எந்த வீட்டிலும் உள்தாழ்ப்பாள் இருக்கக் கூடாது என்று சட்டம் வந்தபோது தச்சர்கள் அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தினார்கள். கழற்ற மாட்டேன் என்ற ஒருவரை, அவருடைய சுத்தியலாலேயே முழங்காலில் அடித்தார்கள். எலும்பு முறிந்த சத்தம் கேட்டதும் மற்ற எல்லாரும் சரி என்றார்கள். நேர்கோடும்தான். அவரைக் குறை சொல்லுகிறவர்கள் அன்று அந்த வரிசையில் நின்றிருக்க வேண்டும். 'மறைக்க ஒன்றுமில்லாதவருக்குத் தாழ்ப்பாள் எதற்கு?' என்று தெருவுக்குத் தெரு சுவரில் எழுதினார்கள். எழுதியவன் வீட்டிலும் இவர்தான் போய்க் கழற்றினார்.

வீடு வீடாகத் தாழ்ப்பாளைக் கழற்றி, ஓட்டைகளை மரத்தூளும் பசையும் வைத்து அடைப்பதுதான் வேலை. சில பெண்கள் முகத்தில் துப்பினார்கள். ஒரு கிழவர் அவர்மேல் வெந்நீரை ஊற்றினார். காவலர்கள் அந்தக் கிழவரைக் காலைப் பிடித்து மாடியிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். படிக்குப் படி தலை இடித்தது. பதினான்கு படிகள்.

அடுத்த தெருவில் நேர்கோட்டின் தங்கை தனியாக இருந்தாள். புருஷனை விசாரணைக்கென்று கூட்டிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. ஒரு நாள் அண்ணனுக்குச் சோறு போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினாள்.

"அண்ணே, ரோந்துக்காரனுங்க நான் குளிக்கிற நேரம் பாத்து வர்றானுங்க. நேத்து ஒருத்தன் கதவத் தொறந்து புடிச்சிக்கிட்டே நின்னான். துண்ட எடுக்கப் போனேன். முடியப் புடிச்சு சுவத்துல மோதிட்டான்."

முடியை விலக்கிக் காட்டினாள். காயம் இன்னும் காயவில்லை. அவர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"ஒடைச்சிக்கிட்டு வர்றதுன்னா வரட்டும்ணே. துணி கட்டிக்கிற நேரம் கிடைச்சாப் போதும்."

கழற்றிய தாழ்ப்பாள் ஒன்று பையில் இருந்தது. அப்போதே குளியலறைக் கதவில் பொருத்தினார். வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே முடுக்கினார். ஆனாலும் நான்கு கோடுகளும் நேராகவே நின்றன. பழக்க தோஷம். பார்த்து ஒரு தடவை தலையாட்டிக்கொண்டார், பைத்தியக்காரர்.

பதினோராவது நாள் ரோந்துக்காரர்கள் அந்தக் கதவை உதைத்துத் திறந்தார்கள். தாழ்ப்பாளில், நிலையோடு இருந்த பாதி பிய்ந்து விழுந்தது. கதவில் இருந்த பாதி அசையவில்லை. தச்சர்களை மேய்க்கிற மேற்பார்வையாளன் வந்தான். ஊர் அவனைப் 'பிரம்பு' என்றுதான் சொல்லும். குனிந்து திருகாணிகளைப் பார்த்துச் சிரித்தான்.

"யார் வேலைன்னு கேக்கவே வேணாம். நேர்கோட்ட இழுத்துட்டு வாங்கடா."

அக்கம்பக்கத்தாரை நடையில் நிற்கவைத்தார்கள். அவருடைய வலது கை விரல்களைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே, கீல் பக்கம் வைத்து அழுத்திப் பிடித்தார்கள். "நீ சாத்து" என்றான் பிரம்பு தங்கையிடம். மாட்டேன் என்றாள். வயிற்றில் உதைத்தான். விழுந்தவள் எழுந்து, மறுபடியும் மாட்டேன் என்றாள். துப்பாக்கியை அவள் நெற்றியில் வைத்தான்.

"சாத்திடும்மா," என்றார் அண்ணன். "கனமான கதவு. ஓங்கி ஒரே தடவையா சாத்திடு. பாதி பாதியா வேணாம்."

சாத்தினாள். கைதட்டச் சொல்லியிருந்ததால் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவே அவரைத் தாங்கிப் பிடித்து அவர் காதில் அழுதாள்: "கட்டிக்கிட்டேண்ணே. அவனுங்க ஒடைச்சி உள்ள வர்றதுக்குள்ள துணி கட்டிக்கிட்டேன்."

ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள். மற்ற இரண்டும் மடங்கியபடி நின்றுவிட்டன. பிரம்பு அப்போதும் விடவில்லை. "எடது கை இருக்குல்ல? வேலைக்கு வா." ராத்திரி வீட்டில் தனியாக ஒரு பலகையில் முடுக்கிப் பார்த்தார்; இடது கையில் திருப்புளி வழுக்கியது. கோடுகள் ஆளுக்கொரு திசை பார்த்தன. விரல் போனதற்கு அழாதவர், அந்தக் கோணலைப் பார்த்து அழுதார்.

ஆறு மாதம் கழித்துச் சோதனையில் ஒரு வீட்டில் தாழ்ப்பாள் கிடைத்தது. அடுத்த வாரம் மூன்று வீடுகளில். வீட்டுக்காரர்களை ரத்தம் வர அடித்தார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. கழற்ற நேர்கோட்டையே கூட்டிப்போனான் பிரம்பு.

"எந்தக் கத்துக்குட்டி வேலைடா இது? ஒண்ணு கிழக்க பாக்குது, ஒண்ணு மேற்க பாக்குது. உனக்குத் தெரியுதா?"

அவர் குனிந்து நிதானமாகப் பார்த்தார். கோணல் திருகாணியைப் பார்த்து அவர் நெஞ்சு நிமிர்ந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

"தொழில் தெரிஞ்சவன் வேலை இல்லீங்கய்யா" என்றார்.

தங்கைதான் முன்பே சொல்லியிருந்தாள்: "என் கதவுக்கு இப்ப வேணாம்ணே. மொதல்ல தெரு பூரா மாட்டி ஆகட்டும். அப்புறம் என்னுத மட்டும் தனியாப் புடிக்க முடியாது." தெருவில் இன்னும் ஆறு கதவுகள் பாக்கி இருந்தன. கழற்றிய தாழ்ப்பாளை இடது கையால் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.