பணிமூப்புப் பட்டியலில் அம்மிணியும் நானும்

காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மலைமேல் இருக்கும் அம்மையப்பனைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நான் அலுவலகத்துக்குப் புறப்படுவேன். திருச்செங்கோட்டில் எந்தத் தெருவில் நின்றாலும் மலை தெரியும். போன வருடம் முழுவதும் அந்தக் கும்பிட்டில் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்பனே, ஓய்வு பெறுவதற்குள் என்னை உதவியாளர் ஆக்கிவிடு." ஓய்வுக்கு இரண்டு வருடம்கூட இல்லை.

பத்தாம் வகுப்புப் படிப்போடு பியூனாகச் சேர்ந்தவன் நான். கோப்பு தூக்கி, டீ வாங்கி, பெல் அடித்தால் ஓடி, பல வருடம் கழித்து இளநிலை உதவியாளர் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு எதிர் மேசையில் இருந்தவர் தேர்வெழுதி நேராக அதே நாற்காலிக்கு வந்தவர். பள்ளிபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். என் மகளைவிட இரண்டு வயது சிறியவர். அவருக்கு நான் அண்ணா, எனக்கு அவர் அம்மிணி.

கீழிருந்து வந்தவர்களுக்கு ஒரு பட்டியல், தேர்வெழுதி வந்தவர்களுக்கு ஒரு பட்டியல் என்று இருந்தவரை வம்பே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அடுத்து காலியாகும் உதவியாளர் இடம் பட்டியலில் முதலில் நிற்பவருக்கு. போட்டி எனக்கும் அம்மிணிக்கும்தான். நான் நாற்காலியில் உட்கார்ந்தது அவர் வருவதற்கு ஏழு மாதம் முன்பு. ஆனால் என் பதவியை முறைப்படுத்திய உத்தரவு வந்தது அவர் வந்த பிறகு. உட்கார்ந்த நாளைக் கணக்கில் எடுத்தால் நான் மூத்தவன், உத்தரவு நாளை எடுத்தால் அவர் மூத்தவர்.

எங்கள் அலுவலகத்தில் வருகைப் பதிவேட்டில் பெயர்களை மூப்புப்படிதான் எழுதுவோம். என் கையெழுத்து கொஞ்சம் குண்டாக, அழகாக இருக்கும் என்பதால் மாதா மாதம் எழுதுவது நான்தான். அந்த மாதம் பேனாவைத் திறந்ததுமே கண்காணிப்பாளர் ஓடி வந்தார்.

"ஏனுங்க, நிறுத்துங்க. உங்க பேர மொதல்ல எழுதுனா நாளைக்கு கோர்ட்டுல அதத்தான் காட்டுவீங்க. அந்தப் பிள்ள பேர எழுதுனா அது காட்டும்."

"வேற எப்படிங்க எழுதறது?"

"எழுதாதீங்க."

"வட்டமா எழுதிப்போடலாங்களா? மொதலும் இருக்காது, கடைசியும் இருக்காது."

"கிண்டலுங்களா? ஆளுக்கொரு வெள்ளத்தாள்ல கையெழுத்துப் போட்டு எங்கிட்டக் குடுங்க, போதும்."

இரண்டு மாதம் அப்படித்தான் நடந்தது. மின்விசிறியைப் போட்டால் வருகை பறந்துவிடும் என்று அவர் வேர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்தார்.

இதற்கிடையில் மேலிடத்துக்கு ஆட்சேபணை மனு கொடுக்க வேண்டும், அதுவும் கணினியில் அடித்து. எனக்குக் கணினி வராது. என் மனுக்களை எப்போதும் அடித்துத் தருபவர் அம்மிணி. வேறு வழியின்றி அவரிடமே போய் நின்றேன்.

"சொல்லுங்கண்ணா, அடிக்கறேன்."

"உன்ன எதுத்துத்தான் அம்மிணி எழுதோணும்."

"பரவால்லீங்கண்ணா, சொல்லுங்க."

அடித்துக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "இந்த எடத்துல நீங்க மொதல்ல உக்காந்த தேதியப் போடோணுங்கண்ணா. இல்லீன்னா உங்க கேஸ் நிக்காது" என்றார். போட்டோம். பிறகு அவர் தன் மனுவை அடித்தார். இரண்டும் ஒரே உறையில் மேலே போயின.

அமாவாசை தோறும் படியேறி வருவதாக வேண்டியிருந்தேன். வண்டிப் பாதை இருந்தும், முட்டி வலியோடு, வீட்டுக்காரியின் கையைப் பிடித்து ஏறினேன். பாதி மலையில், சத்தியம் செய்கிற இடமான அறுபதாம்படியைத் தாண்டி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தபோது, மேலிருந்து அம்மிணி இறங்கி வந்தார். இருவருக்கும் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

என் வீட்டுக்காரிக்கு மறைத்துப் பேசத் தெரியாது. "ஏங் கண்ணு, நீயும் அந்த மொத எடத்துக்குத்தான் வேண்டிக்கிட்டியா? ஒரே சாமிகிட்ட ரெண்டு பேரும் கேட்டா அவரு யாருக்குத்தான் குடுப்பாரு?"

அம்மிணி அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். "இல்லீங்கக்கா. ரெண்டாவதா வரோணும்னு வேண்டிக்கிட்டு வாரேன். பையன் இப்பத்தான் ஒண்ணாப்பு சேந்திருக்கான். மேல போனா வெளியூருல போட்டுருவாங்க."

"அப்பறம் எதுக்கம்மிணி மனுக் குடுத்த?" என்றேன் நான்.

"எங்கூடப் பாஸான எல்லாரும் சேந்து வாட்ஸ்அப்புல குழு வெச்சிருக்காங்கண்ணா. நீ உட்டுக் குடுத்தா நாளைக்கு எங்க எல்லாத்துக்கும் அதே கதிதான்னு காலைல எந்திரிக்கறதுக்குள்ள நாப்பது மெசேஜ்."

அன்றைக்கு மீதிப் படிகளை நான் வெட்கத்தோடுதான் ஏறினேன். ஒரு வருடமாக அந்தப் பிள்ளை எனக்குப் பின்னால் போக வேண்டும் என்றல்லவா சாமியிடம் கேட்டிருக்கிறேன்! அதையேதான் அந்தப் பிள்ளையும் கேட்டிருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றையே கேட்டபின் தடை ஏது என்று மனம் லேசாகத் திரும்பினேன்.

பத்து நாளில் பட்டியல் வந்தது. அம்மிணி ஒன்று, நான் இரண்டு.

அலுவலகமே அவருக்குக் கைகொடுத்து வாழ்த்தியது. அவர் கண்ணைத் துடைத்தபடி என் மேசைக்கு வந்தார். "பதவி உயர்வு வேண்டாம்னு எழுதிக் குடுத்தர்லாமுங்களாண்ணா? எப்படி எழுதறதுன்னு தெரியல."

எனக்குத் தெரியும். இத்தனை வருடத்தில் அப்படிப்பட்ட கடிதங்கள் எத்தனையோ சுமந்திருக்கிறேன். என் மனுவை அவர் அடித்தார், அவர் கடிதத்தை நான் எழுதுவதுதானே முறை என்று நினைத்து, என் குண்டெழுத்தில், "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அதில் ஒரு தப்பும் என் புத்திக்கு எட்டவில்லை.

கால் மணி நேரத்தில் கண்காணிப்பாளர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்திருந்தார்.

"பதவி வேண்டாம்னு சொல்றது இந்தப் பிள்ள. எழுத்து யாருது?"

"எழுதுனது நானுங்க."

"இவிய வேண்டான்னா அடுத்தது யாருக்கு?"

"எனக்குத்தானுங்க."

"இத மேல அனுப்புனா, வயசுப் பிள்ளய மெரட்டி எழுதி வாங்குனீங்கன்னு விசாரண வெச்சு, உங்க மிச்ச சர்வீசயும் அதுலயே கழிச்சுருவாங்க. சாமி கும்பிடறவரு செய்யற வேலைங்களா இது?"

அம்மிணி சிரித்துவிட்டார். கண்காணிப்பாளர் முன்னாலேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, கோழிக் கிறுக்கலில் தானே எழுதினார். "யாருடைய தூண்டுதலும் இன்றி" என்ற வரியை அவரே சேர்த்துக்கொண்டார். மாலைக்குள் அவருடைய வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கிவிட்டார்களாம். "போன் சத்தமில்லாம இருக்குதுங்கண்ணா" என்று நிம்மதியாகச் சொன்னார்.

மூன்று வாரத்தில் என் பெயருக்கு உத்தரவு வந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். "உதவியாளர் ஆயிட்டேன்" என்றேன்.

"அம்மையப்பன் கண்ணத் தொறந்துட்டாரு! எந்த ஊருங்க?"

"மேச்சேரி."

மூன்று பஸ் மாற வேண்டும் என்பது அவளுக்கும் தெரியும்.

"ஏனுங்க, அந்தம்மிணி உங்களுக்கு உட்டுக் குடுத்தது பதவியவா, மேச்சேரியவா?"

"ரெண்டையுந்தான்."

"சரி, காலைல எத்தன மணிக்கு எழுப்போணும்?"