லாஞ்சுல மாட்டின கேஸ் அடுப்பு

தண்டையார்பேட்டைல கேஸ் அடுப்பு ரிப்பேருன்னா ஜெயவேலுதான். ஆளு நல்லவன், ஆனா கேள்வி கேட்டே சாவடிப்பான். அடுப்பு மாட்டப் போன வூட்டுல, "இந்த மிக்சி இன்னாத்துக்கு இருமுது?"ன்னு அதையும் பிரிச்சிப் போட்டுட்டுத்தான் வருவான்.

அவன காசிமேட்டுக்கு இட்டாந்தது பூவம்மாக்கா. அதுக்கு சொந்தமா ஒரு மீன்புடி லாஞ்சு. அதுல போற ஆளுங்க நாள்கணக்கா கடல்லயே ஆக்கித் தின்றவங்க. அவங்களுக்கு கேபின்ல கேஸ் அடுப்பு வேணும்.

ஜெயவேலு லாஞ்சுல கால் வச்சதே அன்னிக்குத்தான். "ஐஸ் எங்க கொட்டுவீங்க? கீழயா? எவ்ளோ ஆழம்? மூடியே இல்லியா?"

டிரைவரு அன்பரசன் கடுப்பாயிட்டான். "இன்னா மாமு, அடுப்பு மாட்ட வந்தியா, லாஞ்சு வாங்க வந்தியா? ரெண்டு பேரு கீழ ஐஸ் தட்டிகினு கீறானுங்க, அவனுங்களயே கேளு."

வூட்டுல மாட்டுற மாதிரியே மாட்டினான் ஜெயவேலு. கேபினுக்குள்ள பலகைக்கு அடில சிலிண்டரு, மேல அடுப்பு. டியூப்ப தொங்காம இழுத்து கிளிப்பு போட்டான். சோப்பு நுரை தடவினான். கேஸு ஒழுவினா நுரை முட்டை வுடும், ஒண்ணும் வரல. மோந்து பாத்தான், மீன் கவிச்சிதான் வந்துச்சு.

பூவம்மாக்கா பால் சொம்பு, கற்பூரத்தோட ஏறிச்சு. கேபின்ல கற்பூரம் காட்டி, புது அடுப்புல பால் பொங்கினாத்தான் லாஞ்சு கரைய வுட்டுக் கெளம்பும். "சீக்கிரம் நைனா, நல்ல நேரம் போவுது."

அன்பரசன் எஞ்சின முடுக்கினான். லாஞ்சே தடதடன்னு நடுங்குச்சு. பலகை மேல இருந்த ஸ்குரூ டிரைவரு தானா நடந்து போயி கீழ வுழுந்துச்சு. ஜெயவேலு அதையே பாத்தான். வூட்டுல செவுரு ஆடாது. இங்க எல்லாம் ஆடுது. ஆடசொல்லோ டியூப்பு இன்னா பண்ணும்? சும்மா தெரிஞ்சிக்கலாம்னு மிச்ச நுரையையும் தடவினான்.

கிளிப்பாண்ட முட்டை முட்டையா கெளம்புச்சு.

ரெகுலேட்டர மூடிட்டுத் திரும்பினா, பூவம்மாக்கா கையில தீக்குச்சி.

"யக்கா, கிழிக்காத. கேஸு ஒழுவுது. மாமு, எஞ்சின நிறுத்து."

"வாசனையே வர்லியேடா."

"இந்தக் கவிச்சில எது வரும்? கேஸு காத்தவிட கனம்க்கா. இங்க ஒழுவினா நேரா ஐஸு கொட்டுற குழில போயி குந்திக்கும்."

பூவம்மாக்கா அந்தக் குழியப் பாத்துச்சு. கீழ இன்னும் ஐஸ் தட்டுற சத்தம். குச்சிய பொட்டிக்குள்ள சொருகிச்சு. "அவனுங்கள மேல கூப்புடு. நல்ல நேரம் நாளிக்கும் வரும். நீ கழட்டு."

நாள் பூரா சாக்கால விசிறி குழில இருந்த கேஸ வெளிய தள்ளினாங்க. மறுநாளு சிலிண்டரு வெளிய, காத்தோட்டமா, கயித்துக் கட்டுல நின்னுச்சு. கம்பிப் பின்னல் டியூப்பு, ஆட்டத்துல கிளிப்ப இழுக்காம கொஞ்சம் தொய்வா. எஞ்சின ஓடவுட்டே நுரை தடவினான். ஒண்ணும் வரல. கற்பூரத்த கரையிலயே ஏத்திட்டு, பால மட்டும் லாஞ்சுல பொங்க வச்சுது பூவம்மாக்கா.

போன வாரம் கொருக்குப்பேட்டைல தண்டவாளத்த ஒட்டின வூட்டுல அடுப்பு மாட்டினான். மாட்டி முடிச்சும் கெளம்பல.

"இன்னாப்பா, வேல முடியலியா?"ன்னுச்சு வூட்டுக்காரம்மா.

"ரயிலு போவசொல்லோ செவுரு ஆடுமாக்கா?"

"கூட்ஸு போனா பாத்திரமே ஆடும். இன்னாத்துக்கு?"

கூட்ஸு வர்ற வரைக்கும் நுரையோட குந்திகினு இருந்தான்.